டிக்கெட் வாங்கியவர்கள் சொல்வது

சங்கீதத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் நாலு ராகமாவது தெரிந்திருக்க வேண்டும். சமையலைப் பற்றிப் பேச வேண்டுமானால் நாலு பேருக்காவது சமைத்துப் போட்டிருக்க வேண்டும். சினிமாவைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் ஒரு நிபந்தனையும் கிடையாது. டிக்கெட் வாங்கியிருந்தால் போதும். காசு கொடுத்துக் கத்தரிக்காய் வாங்கியவளுக்கு, "இது சொத்தை" என்று சொல்லும் உரிமை உண்டல்லவா? அந்த உரிமைதான் இதுவும்.

விமரிசகர்கள் படம் வெளியான அன்று காலைக் காட்சிக்கே போய்விடுகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நட்சத்திரம் போட்டு முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதை நாம் எங்கே வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு நாலைந்து படம் மட்டும், அதுவும் கணக்குப் பார்த்துப் பார்க்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? இந்த வாரம் அவர்கள் முறை.

நான் கேட்ட இடம் பொட்டிபுரம். போடிநாயக்கனூருக்குத் தென்மேற்கே, மலையை ஒட்டினாற்போல் இருக்கிற ஊர். அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆராய்ச்சிக்கூடம் அமைக்க 2015-இல் மத்திய மந்திரிசபை அனுமதி கொடுத்ததே, அந்தச் செய்திகளில் அடிபட்ட பெயர்தான். உலகத்துக்கு அது நியூட்ரினோ ஊர். எனக்குப் பெரியம்மா ஊர்.

பெரியம்மா முப்பது வருஷம் ஏலத்தோட்ட வேலைக்கு மலை ஏறியவர். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது வீட்டோடு இருக்கிறார். மதினி இன்றைக்கும் விடியுமுன் தூக்குவாளியில் சோற்றைக் கட்டிக்கொண்டு ஜீப் ஏறுகிறார். அண்ணன் மகள் போடியில் கல்லூரியில் படிக்கிறாள். மூன்று பேர், மூன்று அபிப்பிராயம். நடுவில் நான் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

படங்களுக்குப் போவதற்கு முன்னால் டிக்கெட் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 22-9-2025 முதல், 100 ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 100 ரூபாய்க்கு மேலே போனால் 18 சதவீதம் என்பதில் மாற்றமில்லை. "வரி குறைஞ்சுதா? எங்களுக்கு ஒண்ணும் தெரியலையே!" என்றார் மதினி. நாலு பேராகப் போய், பஸ் செலவும் இடைவேளை முறுக்கும் சேர்ந்தால், மலையில் ஒரு நாள் முழுக்கக் குனிந்து காய் எடுத்த கூலி கொட்டகையிலே தீர்ந்துவிடுகிறது. ஒரு நாள் கூலியைக் கொடுத்துப் பார்த்தவர் சொல்லும் வார்த்தைக்குக் கொஞ்சம் கனம் உண்டு என்பது என் கட்சி.

ஊர்ப் பெயர் தாங்கிய இட்லி

1-10-2025 அன்று வெளியான "இட்லி கடை"யைப் பற்றித்தான் முதலில் பேச்சு வந்தது. வராமல் எப்படி இருக்கும்? தனுஷ் எழுதி, டைரக்ட் செய்து, நடித்த படம். கதை நடக்கிற ஊரின் பெயர் சங்கராபுரம். தேனி மாவட்டத்து ஜனங்களுக்குத் தெரிந்த பெயர். வெள்ளித்திரையில் அந்தப் பெயர் விழுந்ததும் கொட்டகையில் விசில் பறந்ததாம்.

கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கிராமத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் தகப்பனார் ராஜ்கிரண். மகன் பாங்காக் வரை போய்ப் பெரிய ஓட்டல் முதலாளியிடம் நல்ல பெயர் வாங்கி, முதலாளி மகளையே மணக்கப் போகிற சமயத்தில், தகப்பனார் காலமாகிவிடுகிறார். ஊருக்கு வந்த மகன் திரும்பிப் போகாமல், கடையைத் தானே எடுத்து நடத்துகிறான். முதலாளி மகனுக்கு அதனால் வந்த கோபம்தான் பாக்கிக் கதை.

படம் பார்க்கும்போது மூவருமே அழுதிருக்கிறார்கள். ராஜ்கிரண் இருட்டோடு எழுந்து கடை திறக்கும் நேர்த்தியை மதினி வாயாரப் புகழ்ந்தார். "ஒருத்தர் தன் வேலையை மரியாதையாச் செய்யறதைப் பார்த்தாலே கண்ணு கலங்குதுங்க" என்றார். நல்ல விமரிசனம். நட்சத்திரம் போடுகிறவர்கள் இதை இத்தனை சுருக்கமாகச் சொல்லவில்லை.

பெரியம்மாவுக்கு வேறொரு சந்தேகம். "ஏந் தாயி, இந்த ஊருல எந்த ஆம்பளை உக்காந்து மாவாட்டி நீ பார்த்திருக்கே?"

நான் யோசித்துப் பார்த்தேன். பார்த்ததில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ இட்லிக் கடைகளைத் தாய்மார்கள்தான் நடத்துகிறார்கள். சினிமாவுக்கு வரும்போது மட்டும் கைப்பக்குவம் தகப்பனாருக்குப் போய்விடுகிறது.

பெரியம்மா அதோடு விடவில்லை. தகப்பனார் காலமான சில நாளிலேயே தாயாரும் கண்ணை மூடிவிடுகிறார் அல்லவா? தாயாராக கீதா கைலாசம் நடித்திருக்கிறார். கொட்டகையில் பலர் விம்மிய இடம் அது. பெரியம்மா விம்மவில்லை.

"புருசன் போனா பொண்டாட்டியும் பின்னாடியே போயிரணுமா? உங்க பெரியப்பா போனப்போ உங்கண்ணனுக்கு ஆறு வயசு. நான் போனேனா? போனேன், மலைக்குப் போனேன்!"

நோட்டுப் புத்தகத்தில் இதை எழுதிக்கொண்ட பிறகு கொஞ்ச நேரம் என்னால் அடுத்த கேள்வி கேட்க முடியவில்லை. தாயார் உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கடையை அவரே நடத்தியிருப்பார். மகனுக்கு வேலை இருந்திருக்காது, படமும் இருந்திருக்காது. கதாநாயகனுக்கு இடம் வேண்டும் என்பதற்காக ஒரு தாயார் சாக வேண்டியிருக்கிறது. நம் கதைகளில் இது புதிதா, என்ன?

கல்லூரிப் பெண்ணின் அபிப்பிராயம் தனி ரகம். "எல்லாப் படமும் 'ஊருக்குத் திரும்பி வா, ஊருக்குத் திரும்பி வா'ன்னு சொல்லுது, அத்தை. சொல்றவங்க எல்லாம் ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்தவங்க. நான் இன்னும் போகவே இல்லையே!"

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்ற போடி ரயில், 15-6-2023 அன்றுதான் மறுபடி வந்தது. இவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம் பூராவும் ஊருக்கு ரயிலே கிடையாது. இப்போது சென்னைக்கே நேர் ரயில் இருக்கிறது. அதில் ஏறிப் போக வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுகிற சமயத்தில், பாங்காக்கைப் பார்த்து அலுத்தவர் வந்து, "ஊரே சொர்க்கம்" என்றால் அவளுக்கு எரிச்சல் வராதா?

இத்தனையும் சொன்ன பிறகு, "படம் எப்படி?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள்! குறை சொல்வது வேறு, பிடிக்கவில்லை என்பது வேறு. வீட்டு மனிதர்களைக் குறை சொல்வது போலத்தான் நம் ஜனங்கள் சினிமாவையும் குறை சொல்கிறார்கள்.

பெயர் மட்டும் கூலி

14-8-2025 அன்று ரஜினிகாந்தின் "கூலி" வந்தது. பெரிய படம், பெரிய சத்தம். மதினிக்கு ரஜினி என்றால் உயிர். ஆனால் படத்துக்கு "ஏ" சர்டிபிகேட். பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. பிள்ளைகளை விட்டுவிட்டுப் போவதற்கு மதினிக்கு மனசு வரவில்லை.

"தினம் கூலிக்குப் போறவ நான். 'கூலி'ங்கற படத்துக்குப் போக முடியலை, பாருங்க!" என்று சிரித்தார். பின்னால் வீட்டிலேயே பார்த்தாராம். துறைமுகம், கடத்தல், வெட்டு, குத்து. "தலைவர் நடந்து வர்றது அழகு. மத்ததெல்லாம் யாரு யாரைக் கொல்றாங்கன்னே புரியலை" என்பது தீர்ப்பு. பேரப் பிள்ளையிலிருந்து பாட்டி வரை ஒரு வரிசையில் உட்கார்ந்து பார்த்த நடிகர் ரஜினி. அந்த வரிசையைப் பாதியாக வெட்டியதில் யாருக்கு என்ன லாபமோ தெரியவில்லை.

சண்டையும் சமாதானமும்

25-7-2025 அன்று வந்த "தலைவன் தலைவி"க்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். பாண்டிராஜ் டைரக்ஷன். விஜய் சேதுபதியும் நித்யா மேனனும் புருஷன் பெண்சாதி. ஓயாத சண்டை. இரண்டு பக்கத்துத் தாயார்களும் அந்தச் சண்டைக்கு நன்றாகவே தூபம் போடுகிறார்கள். கடைசியில், "அவசரப்பட்டுப் பிரிந்துவிடாதீர்கள்" என்று உபதேசம்.

முதல் பாதியில் விழுந்து விழுந்து சிரித்த மதினிக்கு, இரண்டாம் பாதியில் தலைவலி வந்துவிட்டது. "எங்களுக்கெல்லாம் இம்புட்டு நேரம் சண்டை போட எங்கேங்க நேரம்? பொழுது சாய வந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுத்தா விடிஞ்சுருது."

பிரியாதீர்கள் என்று சொல்வது நல்ல வார்த்தைதான். ஆனால் எதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துச் சொல்லாமல், எல்லாச் சண்டையையும் ஒரே விளையாட்டாகக் காட்டிவிட்டு உபதேசம் செய்தால், அந்த உபதேசம் யார் தலையில் போய் விழும் என்று சகோதரிகளுக்குத் தெரியாததா? வீட்டுக்கு வீடு "பொறுத்துப் போ" என்பது பெண்ணிடம் மட்டும்தானே சொல்லப்படுகிறது? நித்யா மேனனின் நடிப்புக்காக இந்தப் படத்தை மன்னிக்கலாம். மூன்று பேரில் இரண்டு பேர் மன்னித்துவிட்டார்கள். கல்லூரிப் பெண் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

இதற்கு நேர்மாறு, 1-5-2025 அன்று வந்த "டூரிஸ்ட் ஃபேமிலி". சசிகுமாரும் சிம்ரனும் இரண்டு பிள்ளைகளோடு இலங்கையின் பொருளாதாரக் கஷ்டத்திலிருந்து தப்பிப் படகிலே ராமேஸ்வரம் வந்து, சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரர் பெயரே தெரியாத தெரு அது. இவர்கள் வந்த பிறகு ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்குகிறது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞருக்கு இது முதல் படம். நம்பவே முடியவில்லை!

பொட்டிபுரத்தில் இந்தப் படத்துக்குத்தான் முதல் மார்க்கு. பெரியம்மா மட்டும், "ஒரு தெருவுல அம்புட்டுப் பேருமா நல்லவங்களா இருப்பாங்க? ஒருத்தி கூடவா குழாயடியில சண்டைக்கு வரமாட்டா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, "இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றும் சேர்த்துக்கொண்டார். சினிமா எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியாது.

சொல்லிக் கேட்ட கதை

இன்னொரு படத்தை நான் சென்னையில் பார்த்துவிட்டுப் பெரியம்மாவுக்குக் கதையாகச் சொன்னேன். 2025 டிசம்பரில் வெளியான "அங்கம்மாள்". பெருமாள்முருகனின் "கோடித்துணி" என்ற சிறுகதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் எடுத்தது. "இட்லி கடை"யில் தாயாராக வந்த அதே கீதா கைலாசம்தான் இதில் கதாநாயகி. ரவிக்கை போட்டுப் பழகாத கிராமத்துத் தாயார். மகன் டாக்டருக்குப் படித்தவன். பெண் வீட்டார் வரப் போகிறார்கள். அம்மா ரவிக்கை போட்டுக்கொண்டால் தேவலை என்கிறான். இவ்வளவுதான் விஷயம். ஒரு முழத் துணியை வைத்துக்கொண்டு, படிப்பும் அந்தஸ்தும் பெற்ற தாயையே எப்படிக் கூச்சப்பட வைக்கிறது என்று காட்டிவிட்டார்கள்.

பெரியம்மா கதையைக் குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அந்தப் பய டாக்டருக்குப் படிச்சது யாரு பாடுபட்ட காசுல?"

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நடிகை. ஒன்றில் தாயார் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடுகிறார், எல்லோரும் அழுகிறார்கள். மற்றதில் தாயார் மாட்டேன் என்கிறார், எல்லோரும் சங்கடப்படுகிறார்கள். எனக்குச் சங்கடப்படுத்துகிற தாயார்தான் அதிக நாள் நினைவில் நிற்கிறார்.

மலை கண்ட மூன்று படங்கள்

இனி, இந்த மலையைப் பற்றிய படங்களுக்கு வருகிறேன். பேச்சு சூடு பிடித்ததும் இங்கேதான்.

5-11-2010, தீபாவளி அன்று வந்த "மைனா"வை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. பிரபு சாலமன் அதைப் போடிக்கு மேலே இருக்கும் குரங்கணிப் பக்கம் போய் எடுத்தார். பச்சைப் பசேலென்ற சரிவு, மூடுபனி, ஓடைகள். விதார்த்தும் அமலா பாலும் அதிலே ஓடினார்கள். தம்பி ராமையாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. குரங்கணி என்ற பெயரையே தமிழ்நாட்டில் பலர் அப்போதுதான் கேள்விப்பட்டார்கள். ஏழு வருஷத்துக்குப் பிறகு, 11-3-2018 அன்று, மலை ஏறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தபோது அதே பெயரை எல்லோரும் வேறு விதமாகக் கேட்டார்கள்.

அதே 2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 24-இல் "மேற்குத் தொடர்ச்சி மலை" வந்தது. லெனின் பாரதி டைரக்ஷன். தயாரித்தவர் விஜய் சேதுபதி. தான் நடிக்காமலே தயாரித்தார். பண்ணைப்புரத்து இளையராஜாவின் சங்கீதம். தேனி ஈஸ்வரின் காமிரா. கதாநாயகன் ரங்கசாமி மலைக்கும் அடிவாரத்துக்கும் நடந்தே சுமை தூக்குகிறவன். துண்டு நிலம் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்காக நம்பியிருந்த ஏலக்காய் மூட்டை ஒரு கணத்தில் கை நழுவிப் பள்ளத்தாக்கில் உருண்டு சிதறுகிறது. பல கஷ்டங்களுக்குப் பிறகு வாங்கிய நிலமும் கடனில் போய், கடைசியில் அந்த நிலத்திலேயே காற்றாலைக்குக் காவற்காரனாக உட்காருகிறான்.

"அது படமில்லை, தாயி. எங்க வீட்டுக் கதவைத் திறந்து வச்சுட்டாங்க" என்றார் பெரியம்மா. மூட்டை உருண்டபோது கொட்டகையில் "ஐயையோ!" என்று ஒரு சத்தம் எழுந்ததாம். அந்தச் சத்தம் வெளியூர்க்காரர்களுக்கு வராது. ஒரு மூட்டை ஏலக்காய் என்றால் என்ன என்று தெரிந்தவர்களுக்குத்தான் வரும். 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு அது. "காய் விலை ஏறினா தோட்டக்காரர் வீட்டுக்கு மாடி ஏறும். எங்களுக்கு எப்பவும் மலைதான் ஏறும்" என்று பெரியம்மா அந்தப் பொருளாதாரத்தையும் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

மூன்றாவது படம் இந்த மலையைப் பற்றியதே அல்ல. 23-8-2024 அன்று வந்த மாரி செல்வராஜின் "வாழை", தூத்துக்குடிச் சீமையில் வாழைத்தார் சுமக்கும் ஜனங்களின் கதை. டைரக்டர் தம் பிள்ளைப் பிராயத்தில் கண்டதைத்தான் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் தார் சுமக்கப் போக வேண்டுமே என்று பயப்படும் ஒரு சிறுவன். ஒரு தாருக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கேட்கும் தொழிலாளிகள். கூலி கூடுகிறது. ஆனால் ஆட்களுக்கு என்று தனி வண்டி வைக்க மனம் வரவில்லை. தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்ப, அது கவிழ்கிறது.

மதினி இந்தப் படத்தின் கடைசிக் கால் மணியைப் பார்க்கவில்லை. லாரியின் மேல் பெண்கள் ஏறி உட்கார்ந்ததுமே எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாராம்.

"ஏன் மதினி?"

"தெரிஞ்சு போச்சுங்க. நாளைக்கு வெள்ளனா நான் ஜீப் ஏறணும்ல?"

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. தேனி மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று வழியாகவும் ஆயிரக்கணக்கான பெண்கள் தினம் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள். போடிமெட்டு ரஸ்தாவில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஜீப்பில் எத்தனை பேர் உட்கார வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்பதற்கு விடியற்காலையில் ரஸ்தா ஓரத்தில் நின்றால் கண்ணே சாட்சி. ஜீப் கவிழ்ந்தது என்ற செய்தி இந்தப் பக்கத்துப் பத்திரிகை வாசகர்களுக்குப் புதிதல்ல. ஆளுக்கு ஆள் நெருக்கி உட்கார்ந்தால் ஒரு நடை மிச்சம். அந்த மிச்சம் யார் பையில் போகிறது என்று மதினி சொல்ல வேண்டாம், "வாழை"யே சொல்லிவிட்டது.

"வாழை" வந்த அதே தினத்தில் பி. எஸ். வினோத்ராஜின் "கொட்டுக்காளி"யும் வந்தது. வேறு ஜாதிப் பையனை விரும்பிய பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டி, குடும்பமே ஆட்டோவில் ஏற்றிச் சாமியாடியிடம் கூட்டிப் போகிறது. அன்னா பென் படம் முழுக்க ஏறக்குறைய பேசுவதே இல்லை. பின்னணி சங்கீதம் கிடையாது. பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட படம். கல்லூரிப் பெண் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். "பிடிச்சுதா?" என்று கேட்டேன். "பிடிச்சுதான்னு கேக்காதீங்க. பயமா இருந்துச்சு" என்றாள். மதினி சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தார். நான் பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

ஒரு விண்ணப்பம்

பேசி முடிக்கும் சமயத்தில் பெரியம்மா ஒரு கணக்குப் போட்டார். "மைனா" கடைசியில் அந்தப் பெண் செத்துப் போகிறாள். "மேற்குத் தொடர்ச்சி மலை"யில் நிலம் போகிறது. "வாழை"யில் ஊரே அழுகிறது. "எங்க சனத்தைப் பத்திப் படம் எடுத்தா, கடைசியில சாவு விழணும்னு ஏதாச்சும் சட்டம் இருக்கா?"

நான் டைரக்டர்களுக்காக வாதாடிப் பார்த்தேன். நடப்பதைக் காட்டாவிட்டால் பட்டணத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? ஏலக்காய் டீயும் பாயசமும் சாப்பிடுகிற எத்தனை பேருக்கு, அந்தக் காய் எத்தனை வளைவு தாண்டி, யார் முதுகு குனிந்து வருகிறது என்று தெரியும்? "வாழை"யைப் பார்த்தபின் பழத்தை உரிக்கும்போது கை ஒரு கணம் நின்றது என்று என்னிடமே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அது சாமான்ய காரியமா?

"சரிதான். அவங்களுக்குத் தெரியணும். ஆனா எங்களுக்குத் தெரியுமே! டிக்கெட்டு நாங்களுந்தானே வாங்குறோம்?" என்றார் பெரியம்மா.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. துக்கத்தைக் காட்டாத சினிமா பொய் சொல்கிறது. துக்கத்தை மட்டுமே காட்டுகிற சினிமாவும் பாதி உண்மையைத்தான் சொல்கிறது. ஏனென்றால், மலைக்குப் போகிற பெண்கள் முக்கால்வாசி நாள் பத்திரமாகத் திரும்பி வருகிறார்கள். ஜீப்பிலே பாட்டுப் பாடுகிறார்கள். கங்காணியைக் கேலி செய்கிறார்கள். மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்டுகிறார்கள். புருஷன் போன பிறகும் முப்பது வருஷம் குடும்பத்தை இழுத்து நிறுத்துகிறார்கள். அதிலே கதை இல்லையா? அடிதடி இல்லாமல், பாங்காக் இல்லாமல், அது ஒரு பூரணமான கதை இல்லையா? ஒரு தெருவின் நல்ல குணத்தை மட்டும் நம்பி "டூரிஸ்ட் ஃபேமிலி" ஓடியதே!

ஆகவே கோடம்பாக்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரே ஒரு படத்தில், விடியுமுன் ஜீப் ஏறிய பெண் ஒருத்தி கதாநாயகியாக வரட்டும். அவளுடைய வேலை, அவளுடைய கூலி, அவளுடைய வாய்த்துடுக்கு எல்லாம் இரண்டரை மணி நேரம் திரையில் இருக்கட்டும். வண்டியில் எண்ணிக்கைக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது என்று அவளே மல்லுக்கு நிற்கட்டும். அதிலே எத்தனை நாடகம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பொழுது சாயும்போது அந்த ஜீப் பதினேழு வளைவும் பத்திரமாக இறங்கி, அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கட்டும்.

அந்தப் படத்தைக் கடைசிக் கால் மணி வரை உட்கார்ந்து பார்ப்பதாக மதினி வாக்குக் கொடுத்திருக்கிறார்.